ஈர்ப்புக்குத் திசை மாற்றும் மந்திரம்: ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ நாவல் மதிப்புரை

பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2010 ஆகஸ்டில் டோர் பதிப்பகம் வெளியிட்ட ‘தி வே ஆஃப் கிங்ஸ்’, ஆயிரம் பக்கங்களை எட்டும் ஃபேன்டசி நாவல். ‘ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்’ தொடரின் முதல் நூல். அதன் போர்க்களங்களைப் பற்றியும் பாத்திரங்களைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். ஈர்ப்பையும் பிணைப்பையும் ஆளும் இரண்டு ஆற்றல்கள் அந்த உலகில் எவ்வாறு இயங்குகின்றன, அவை கதைக்கு எந்த அளவு பயன்படுகின்றன என்பதை மட்டுமே இந்த மதிப்புரை எடுத்துக்கொள்கிறது. முதல் நூலின் சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை என்பதால், எதுவும் தெரியாமல் வாசிக்க விரும்புவோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை நடக்கும் ரோஷார் என்ற உலகில் இயற்கையின் அடிப்படை விசைகளாகப் பத்து ‘சர்ஜ்’கள் சொல்லப்படுகின்றன. பழங்கால வீரர்களின் பத்து அணிகளும் ஒவ்வொன்றும் இரண்டு சர்ஜ்களை ஆண்டன. அவற்றுள் ‘விண்ட்ரன்னர்’ அணிக்கு வாய்த்தவை ஈர்ப்பும் ஒட்டுதலும். இவ்விரண்டிலிருந்து மூன்று வகைக் ‘கட்டு’கள் பிறக்கின்றன. அடிப்படைக் கட்டு ஒரு பொருள் விழும் திசையை மாற்றுகிறது. முழுக் கட்டு இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. எதிர்க் கட்டு ஒரு பொருளை மற்றப் பொருள்களைத் தன்பால் இழுக்கும் மையமாக்குகிறது. மூன்றுக்கும் எரிபொருள், பெரும்புயல்களின்போது இரத்தினக் கற்களில் சேரும் புயலொளி. கண்ணாடிக் குண்டுகளுக்குள் பதித்த அதே கற்கள்தாம் அங்கே நாணயமாகவும் புழங்குகின்றன. ஒளியை உறிஞ்சிய பின் குண்டு மங்கிப்போகிறதே தவிர மதிப்பை இழப்பதில்லை. ஆனால் ஒளிராத குண்டு போலியோ என்று கடைக்காரர் சந்தேகிப்பார். மந்திரத்தை இவ்வளவு இயல்பாகப் பணப்பைக்குள் கொண்டுவந்து வைத்த நாவல்கள் அரிது.

மூன்றிலும் மிகத் தெளிவாக உருவாக்கப்பட்டது அடிப்படைக் கட்டுதான். ஸெத் என்ற கொலையாளி மன்னர் கவிலாரைக் கொல்ல அரண்மனைக்குள் நுழையும் முன்னுரைக் காட்சியில், அவன் பறப்பதே இல்லை, விழுகிறான். தாழ்வாரத்தின் கோடியைத் தனக்குக் ‘கீழ்’ என்று ஆக்கிக்கொண்டு கிணற்றுக்குள் விழுவது போல நெடுகிலும் விழுகிறான்; சுவரைத் தரையாக்கிக்கொண்டு அதன்மீது நடக்கிறான்; அவன் தொட்ட காவலன் ஒருவன் அலறியபடி கூரையில் போய் மோதி, உடலில் ஏறிய ஒளி தீர்ந்ததும் மீண்டும் தரையில் விழுகிறான். இதில் கவனிக்க வேண்டியது, பழைய ஈர்ப்பின் மீது புதிய விசை ஒன்று கூடுதலாக ஏற்றப்படவில்லை என்பதே. உலகத்தோடு அந்த உடலுக்கு இருந்த பிணைப்பு அவிழ்க்கப்பட்டு வேறு திசையில் கட்டப்படுகிறது. ஆகவே எடையில் பாதியை மட்டும் மேல்நோக்கிக் கட்டினால், மேலே பாதியும் கீழே பாதியுமாக ஒன்றையொன்று சமன்செய்து, அவன் எடையற்றவனாகிறான். நிறை அப்படியே இருப்பதால் நிலைமமும் அப்படியே இருக்கிறது. ஓடி வந்த வேகத்தில் சுவரில் மோதினால் எலும்பு முறியத்தான் செய்யும்.

பள்ளி இயற்பியலில் வெக்டர் கூட்டல் படித்த எவரும் இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரோஷாரின் ஈர்ப்பு வழக்கமான அளவில் 0.7 பங்கு என்று ஆசிரியர் நூலுக்கு வெளியே சொல்லியிருக்கிறார். அதை நம் புவியோடு ஒப்பிட்டு எடுத்துக்கொண்டால், பக்கவாட்டில் ஒரு முழு அடிப்படைக் கட்டுப் போட்டவன் மூன்று வினாடிகளில் ஏறத்தாழ 31 மீட்டர் தூரம் விழுந்து, வினாடிக்கு 20 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தை எட்டியிருப்பான். புவியில் அதே நேரத்தில் 44 மீட்டர் போயிருப்பான். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டுகளை அடுக்கினால் முடுக்கம் நேர்விகிதத்தில் கூடும் என்றாலும், காற்றின் தடை வேகத்தின் இருமடியில் வளர்வதால், நான்கு கட்டுகள் போட்டாலும் முற்றுத் திசைவேகம் (காற்றுத் தடையால் அதற்கு மேல் கூடாத வேகம்) இரண்டு மடங்குதான் ஆகும். நாவல் இந்தக் கணக்கை வாசகரிடம் கேட்பதில்லை. போட்டுப் பார்ப்பவரை ஏமாற்றுவதும் இல்லை.

முன்னுரையின் உச்சம் இந்த ஒழுங்குக்கு நல்ல சான்று. மன்னர் அணிந்திருக்கும் மாயக் கவசத்தின் மீது ஸெத்தின் கட்டுகள் செல்லுபடியாகாது என்று முதலிலேயே விதி வகுத்துவிடுகிறார் ஆசிரியர். வழி அடைபட்டது என்று நாம் எண்ணும்போது, மன்னர் நிற்கும் மாடத்தையே ஸெத் கீழ்நோக்கிக் கட்டி அதன் எடையைப் பெருக்கிவிடுகிறான். தாங்க முடியாமல் அது முறிந்து விழுகிறது. புதிய சக்தி எதுவும் அங்கே முளைக்கவில்லை. சில பக்கங்களுக்கு முன் நமக்குக் கற்பிக்கப்பட்ட விதியே நாம் நினைத்துப் பாராத இடத்தில் போய் நிற்கிறது.

முழுக் கட்டைப் பற்றி நூலின் இறுதியில் உள்ள ‘ஆர்ஸ் ஆர்கேனம்’ என்ற பின்னிணைப்பு ஒரு சுவையான குறிப்பைத் தருகிறது: ஒட்டுதலுக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறது. புவியின் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு நிகராக அழுத்துகிறது. இரு பாதங்களின் பரப்பை 300 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இடையிலிருக்கும் காற்றை முழுவதும் நீக்கிவிட்டாலே ஒருவரைத் தரையிலிருந்து பெயர்க்க 300 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஓட்டோ ஃபான் கேரிக் காற்றை வெளியேற்றி இணைத்த இரு அரைக்கோளங்களைக் குதிரைகளாலும் பிரிக்க முடியாமற்போனதும் இதனால்தான். ஆனால் வெற்றிடம் மட்டுமே காரணம் என்றால், துளைகள் நிறைந்த கல்லிலும் துணியிலும் பிடி தளர வேண்டும். நாவல் அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. எதை எதோடு ஒட்டினாலும் ஒரே உறுதிதான். ஈர்ப்புக்கு வகுத்த வரம்புகளின் நுணுக்கம் பிணைப்புக்கு வாய்க்கவில்லை என்பது என் கருத்து.

எதிர்க் கட்டின் நிலை இன்னும் மோசம். தொட்டுக்கொண்டிருக்கும்வரை வலுவாக இயங்கும் என்பதும், அடிப்படைக் கட்டின் ஒரு தனி வகை என்பதும் சொல்லப்படுகின்றன. ஆனால் பாய்ந்து வரும் ஈட்டிகளை வளைத்து ஈர்க்கும் கதவு நிலை, அதே தொலைவில் நிற்பவர்களின் உடைகளையும் உடல்களையும் ஏன் விட்டுவைக்கிறது? தரையைத் தொட்டிருக்கும் பொருள்களை இழுப்பது கடினம், பறப்பவற்றை இழுப்பது எளிது என்று பின்னிணைப்பு காரணம் சொல்கிறது. அதோடு, எதை இழுப்பது என்பதைக் கட்டுபவரின் எண்ணமும் தீர்மானிக்கிறது என்றால், அந்த இடத்தில் இயற்பியல் ஒதுங்கிக்கொண்டு விருப்பம் உள்ளே வந்துவிடுகிறது. அது குற்றமில்லை, மந்திரம்தானே. எனினும் மற்ற இரண்டையும் கணக்காகவே படித்து வந்த வாசகருக்கு இது உறுத்தும்.

இந்தக் குறைகளுக்கு அப்பால், விதிகளை யாரிடம் முதலில் கொடுப்பது என்பதில் ஆசிரியர் எடுத்த முடிவுதான் நூலின் பெரிய பலம். மூன்று கட்டுகளையும் ஸெத்தின் வழியாக முன்னுரையிலேயே நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அவற்றைப் பற்றி ஒன்றும் அறியாத கலாதின் என்ற அடிமையின் பின்னால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நம்மை நடக்கவைக்கிறார். எதிரியின் அம்பு மழைக்கு முன்னால் மரப்பாலத்தைச் சுமந்து ஓடுபவன் அவன். சுற்றிலும் ஆட்கள் சாய்ந்துகொண்டிருக்க, அவனைத் தைத்திருக்க வேண்டிய அம்புகள் பாலத்தின் மரத்தில் போய்த் தைக்கின்றன. அதை அவன் சாபம் என்று எண்ணுகிறான். சாவு தன்னைத் தவிர்த்துவிட்டுச் சுற்றியிருப்பவர்களை எடுத்துக்கொள்கிறது என்று மனம் நொறுங்குகிறான். நமக்கோ கதவு நிலையில் தைத்த ஈட்டிகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. பின்னர் அவன் பாறைப் பிளவின் சுவரில் கற்களை ஒட்டிப் பழகும்போது, அவன் என்ன செய்கிறான் என்பதை அவனுக்கு முன்பே பெயர் சொல்லி அறிந்தவர்கள் நாம்தான். அவன் தன் குற்றவுணர்வைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறான் என்று தெரிந்தும் சொல்ல முடியாத தவிப்பே அந்தப் பக்கங்களை நகர்த்துகிறது. விளக்கம் அவனோடு சேர்ந்தே நமக்கும் கிடைத்திருந்தால், அந்தப் போர்க்காட்சிகள் வெறும் சாகசமாக முடிந்திருக்கும்.

அந்த முன்னுரைக்கு ஒரு விலையும் உண்டு. சண்டை உச்சத்தில் இருக்கும்போதே எந்தக் கட்டு, எத்தனை மடங்கு, எவ்வளவு ஒளி மிச்சம் என்று விளக்கம் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பதால், முதல் வாசிப்பில் அது ஓர் இயந்திரத்தின் கையேடு போலத் தோன்றக்கூடும். அங்கே சலித்து நூலை மூடிவைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொறுத்துக் கடந்து, கலாதின் பாலப் படையைச் சேர்ந்த பிறகு முன்னுரைக்கு ஒருமுறை திரும்பி வருவது நல்லது.

வாங்க நினைப்போருக்கு: மைக்கேல் கிரேமரும் கேட் ரீடிங்கும் வாசித்துள்ள ஒலிநூல் ஏறத்தாழ 45 மணி நேரம் ஓடுகிறது. கதைக்கு அது போதும் என்றாலும், உயிரினங்களின் கோட்டோவியங்களும் வரைபடங்களும் அச்சுப் பதிப்பில்தான் கண்முன் இருக்கும். விதிகளைப் பின்தொடர விரும்புபவர் அச்சு நூலையே வாங்கி, பின்னிணைப்பை முன்னுரை முடிந்த கையோடு புரட்டிப் பார்க்கலாம். பிரிட்டனின் கோலன்ஸ் வெளியிட்ட மெலிந்த அட்டைப் பதிப்பு இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. முதற்பகுதியை மட்டும் வாங்கினால் கதை பாதியில் நின்றுவிடும்.