டோக்கன் கிழக்கே, நாங்கள் மேற்கே

மீனாட்சியம்மன் கோயிலில் எந்த வாசலில் கைப்பேசியைக் கொடுத்தீர்களோ, அந்த வாசலில்தான் திரும்ப வாங்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே கோட்டை விட்டேன்.

லண்டனிலிருந்து மதுரைக்கு வருவது 2017க்குப் பிறகு இப்போதுதான். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததையும், அதையொட்டி நீதிமன்றம் கோயிலுக்குள் கைப்பேசியைத் தடை செய்ததையும் செய்தியில் படித்ததோடு சரி. கிழக்கே அஷ்டசக்தி மண்டப வாசலில் நால்வரின் கைப்பேசிகளையும் செருப்புகளையும் ஒப்படைத்து, டோக்கனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டபோது எரிச்சலாகத்தான் இருந்தது. லண்டன் கோபுரத்தில் மன்னரின் கிரீடத்தைப் பார்க்கப் போனால் கைப்பேசி நம் பையிலேயே இருக்கும். படம் எடுக்காதே என்று ஒரு பலகை, முறைத்துப் பார்க்க ஒரு காவலர், அவ்வளவுதான். இங்கே பையை ஊடுகதிரில் விட்டு, ஆளைத் தடவிப் பார்த்து... அங்கே இப்படித் தடவினால் வாய் பேசாமல் நிற்பேன் என்பது வேறு விஷயம்.

பொற்றாமரைக் குளக்கரையில் அந்த எரிச்சல் பாதி போயிற்று. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கோபுரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு ஒருவர்கூட இல்லை. கடைசியாக இப்படி ஒரு கூட்டத்தை எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

அம்மன் சந்நிதி நெரிசலில் அம்மாவும் மனைவியும் எங்களைவிட்டுப் பிரிந்தார்கள். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெறும் பை. மகன் முகம் வெளிறிவிட்டது. "இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்கோ சிரிப்பு வந்தது. சின்ன வயதில் கோயிலுக்குள் நுழையும்போதே அப்பா சொல்லிவிடுவார்: தொலைந்தால் அழாதே, முக்குறுணிப் பிள்ளையாரிடம் போய் நில். சுவாமி சந்நிதிக்குத் திரும்பும் வழியில் எட்டடி உயரத்துக்கு உட்கார்ந்திருப்பவரை யாரும் தவறவிட முடியாது. போனோம். அம்மா ஏற்கெனவே அங்கே தூணோரம் உட்கார்ந்து, சதுர்த்திக்கு இவருக்கு மூன்று குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்வார்கள் என்று மருமகளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அந்த மிதப்பில்தான் புத்தி கெட்டது. பேசிக்கொண்டே மேற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்துவிட்டேன். மணி பன்னிரண்டேகால். நடை சாத்தும் நேரம். திரும்ப உள்ளே விடமாட்டார்கள். கோயில் கிட்டத்தட்ட 850 அடிக்கு 800 அடி என்று படித்ததுண்டு, வெறுங்காலால் அளந்தது அன்றுதான். வண்டிகளை நிறுத்திவிட்டுச் சித்திரை வீதிகளில் கல் பாவியிருக்கிறார்கள். பார்க்க அழகு, உச்சி வெயிலில் தோசைக்கல். லண்டன் வீட்டுக்குள்ளேயே காலுறையோடு நடக்கும் பாதங்கள் எங்களுடையவை. மகனும் நானும் கடை நிழலுக்குக் கடை நிழல் தாவினோம். மனைவி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார், அது வெயிலைவிடச் சூடு.

அம்மா மட்டும் நடு வீதியில் நிதானமாக நடந்தார். "மேற்கு வாசலுக்குப் போகிறோமே என்று அப்போதே நினைத்தேன்," என்றார்.

"சொல்லியிருக்கலாமே அம்மா?"

"சித்திரை வீதி சுற்றுகிறாய் என்று நினைத்தேன்டா. வேண்டுதல் ஏதாவது இருக்கும் என்று..."

டோக்கனை நீட்டியபோது கைப்பேசி வாங்கி வைக்கும் அண்ணன் எங்கள் கால்களைத்தான் முதலில் பார்த்தார். "மேற்கு வாசலா?" என்றார். கைப்பேசிகளுக்கு முன்பாகச் செருப்புகளை எடுத்து வைத்தார்.