கைக்குழந்தை ஜுரத்துக்கு 200 ரூபாய்க் குச்சியா, 2,000 ரூபாய்த் துப்பாக்கியா?

மெடிக்கல் ஷாப்பில் "குழந்தைக்கு ஜுரம் பார்க்க ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் முதலில் மேசைக்கு வருவது நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கிதான். விலை ஆயிரத்துக்கு மேல், பல மாடல்கள் இரண்டாயிரம். ஒரு வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாங்கள் சொல்வது, அதே கடையில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் குச்சித் தெர்மாமீட்டர். ஓம்ரான், ஹிக்ஸ், டாக்டர் டிரஸ்ட் என எந்த நிறுவனத்தினுடையது என்பது பெரிய விஷயமில்லை. நுனி வளையக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது, குழந்தை திமிறும்போது குத்தாது.

காரணம் எளிது. தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் வைத்தே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய வயது பிறந்தது முதல் மூன்று மாதம் வரை. துப்பாக்கி அதிகம் தடுமாறுவதும் அந்த வயதில்தான்.

குச்சியை வைக்கும் இடம் அக்குள். குளிப்பாட்டி எண்ணெய், பவுடர் போட்ட பிள்ளையின் அக்குள் மடிப்பில் வழவழப்பும் ஈரமும் நிற்கும். முதலில் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். குச்சியின் உலோக நுனி மடிப்பின் உச்சியில், இரண்டு பக்கமும் தோல் தொட இருக்க வேண்டும். சட்டைத் துணி இடையில் மாட்டினாலோ, நுனி முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாலோ எண் குறைவாகத்தான் வரும். கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். பால் குடிக்கும்போதே பார்க்கலாம், ஆனால் அம்மாவின் உடம்பை ஒட்டாத பக்கத்து அக்குளில்.

பலர் ஏமாறுவது 'பீப்' சத்தத்தில். எண் ஏறும் வேகம் குறைந்துவிட்டது என்பதற்கான சத்தம் அது, ஏறி முடிந்துவிட்டது என்பதற்கல்ல. வாயில் ஒரு நிமிடத்தில் முடிவது அக்குளில் மூன்று, நான்கு நிமிடம் எடுக்கும். பெரும்பாலான குச்சிகளில் பீப் அடித்த பிறகும் எண் மெல்ல ஏறும். நின்ற பிறகு படியுங்கள். வாங்கிய வாரமே, குழந்தை நன்றாக இருக்கும் நாளில் இரண்டு மூன்று முறை பார்த்து எழுதி வைத்தால் வழக்கமான அளவு எவ்வளவு என்று தெரியும். ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் பார்த்து அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் மாறினால் பேட்டரியையோ வைக்கும் முறையையோ சந்தேகியுங்கள். உள்ளே இருப்பது எல்ஆர்41 பொத்தான் பேட்டரி. தவழும் பிள்ளை விழுங்கினால் அதுவே தனி அவசரம் என்பதால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும், கொதிநீரில் போடக்கூடாது.

இனி எண்கள். இரண்டு மாதம் வரை அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.5 செல்சியஸ் தொட்டாலே ஆபத்தான தொற்றாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பின்பற்றும் வழிமுறை. போர்வையை இறுக்கிச் சுற்றி, குல்லா, காலுறை போட்ட பிள்ளைக்குச் சூடு ஏறும் என்பது உண்மை. அதனால் துணியைத் தளர்த்தி 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் கிளம்ப வேண்டியதுதான். மூன்று மாதத்துக்குள் 100.4 (38 செல்சியஸ்) வந்துவிட்டால் இந்தப் பதினைந்து நிமிடமும் வேண்டாம், நள்ளிரவானாலும் சரி. பிறகு தானாக இறங்கிவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். 95.9க்குக் கீழே, அதாவது 35.5 செல்சியஸுக்குக் கீழே போனாலும் அதே அவசரம். கடும் தொற்றில் பச்சிளம் உடம்பு சூடாகாமல் குளிர்ந்தும் போகும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஆசனவாயில் வைக்கும் முறையும் போட்டிருக்கும். அமெரிக்க மருத்துவர்கள் மூன்று மாதத்துக்குள் அதை விரும்புகிறார்கள். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி வழக்கமாக அதைச் செய்ய வேண்டாம், அக்குளே போதும் என்கிறது. பழகாத கைக்கு அக்குள்தான் பாதுகாப்பு. அக்குள் அளவோடு ஒரு டிகிரி கூட்டிச் சொல்லும் பழக்கமும் வேண்டாம். "அக்குள்ல 100.8, ராத்திரி 2 மணிக்கு" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.

துப்பாக்கிக்கு வருவோம். அது பார்ப்பது நெற்றித் தோலின் சூட்டை. ஜுரம் ஏறத் தொடங்கும் நேரத்தில் உடம்பு தோலுக்கு வரும் ரத்தத்தைக் குறைக்கும். கை கால் ஜில்லென்று, வயிறும் முதுகும் கொதிக்கும். அந்த நேரத்தில் நெற்றி 98 என்று காட்டி வீட்டாரைத் தூங்க அனுப்பிவிடும். வியர்வை, ஃபேன் காற்று, ஏசி, ஈரத்துணிப் பத்து, நெற்றியில் வைத்த மைப்பொட்டு எல்லாமே கணக்கைக் கெடுக்கும். பல மாடல்களில் உடம்புக்கும் பொருளுக்கும் தனித்தனி மோடு உண்டு. பால் பாட்டிலின் சூடு பார்த்துவிட்டு மாற்ற மறந்தால் கொதிக்கும் குழந்தையையும் குளிர்ந்ததாகக் காட்டும். கையேட்டில் சொன்ன தூரத்தைவிடத் தள்ளிப் பிடித்தாலும் குறையும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூங்கும் இரண்டு வயதுப் பிள்ளையை எழுப்பாமல் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அது அதிகம் காட்டினால் குச்சியால் உறுதி செய்யுங்கள். குறைவாகக் காட்டி, தொட்டால் சுட்டால், குச்சியை நம்புங்கள்.

காதில் வைப்பது ஆறு மாதத்துக்குப் பிறகு பரவாயில்லை. அதற்கு முன் காதுத் துவாரம் குறுகலாக இருக்கும், கருவி செவிப்பறையைச் சரியாகப் பார்க்காது. நெற்றியில் ஒட்டும் பட்டை, சூப்பான் வடிவத் தெர்மாமீட்டர் இரண்டும் காசுக்குக் கேடு. பழைய பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டர் இன்னும் வீட்டில் கிடந்தால் குழந்தை பக்கம் கொண்டு போகாதீர்கள். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தம் அதை 2020க்குள் கைவிடச் சொன்னது காரணமில்லாமல் அல்ல.

மூன்று மாதம் தாண்டியதும் தெர்மாமீட்டரின் மதிப்பு மெல்லக் குறைகிறது. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் 102.2 (39 செல்சியஸ்) வந்தால் அன்றே காட்ட வேண்டும். அதற்கு மேல் பிள்ளையைப் பார்ப்பதுதான் முக்கியம். 103 இருந்தும் சிரித்து, பால் குடித்து, கை நீட்டும் பிள்ளையைவிட 100 மட்டுமே இருந்து துவண்டு கிடக்கும் பிள்ளைதான் அவசரம்.

கையில் ஒரு கடிகாரத்தை எடுத்து, சட்டையைத் தூக்கி, பிள்ளை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50 என்றால் வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடு நீலம் பூத்தாலோ எண்ணவே வேண்டாம், கிளம்புங்கள். மார்பைத் தேடாத பச்சிளம் குழந்தை, எழுப்பியும் எழாதது, கிறீச்சென்ற அழுகை, உட்கார்ந்த நிலையில் அழாதபோதும் புடைத்து நிற்கும் உச்சிக்குழி, எட்டு மணி நேரமாக நனையாத துணி, எல்லாம் அதே வரிசை. தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன், மூக்கில் வெங்காயம் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108. சீக்கிரம் நின்றாலும் முதல் வலிப்பை அன்றே காட்ட வேண்டும்.

தெர்மாமீட்டரோடு கூடவே வாங்கும் பாராசிட்டமாலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டிராப்ஸ் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதாரண சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 250. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், 6 கிலோ பிள்ளைக்கு 90. டிராப்ஸ் என்றால் 0.9 மில்லி, 120 சிரப் என்றால் 3.75 மில்லி. சிரப் அளவை டிராப்ஸில் ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். மூன்று மாதத்துக்குள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆறாவது வார ஊசிக்குப் பிறகு செவிலியர் சொன்ன அளவு மட்டும் விதிவிலக்கு. ஊசி ஜுரம் ஓரிரு நாளில் அடங்கும் என்றாலும் 100.4 வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மருந்துக்கு எண் இறங்கியதால் நோய் சாதாரணம் என்றும் ஆகிவிடாது.

"பல் முளைக்குது", "மாந்தம்", "உரம் விழுந்திருக்கு" என்று பக்கத்து வீட்டிலிருந்து காரணங்கள் வரும். பல் முளைப்பதால் 100.4 தாண்டாது. குளிர்ந்த தண்ணீர் ஒத்தடமும் வேண்டாம், நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும்.

சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துக் கேட்கலாம். கிளம்பும்போது பச்சிளம் குழந்தையை அம்மாவின் மார்போடு சேர்த்து வைத்து, பால் குடித்தால் வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போங்கள். வெப்பநிலை, பார்த்த இடம், நேரம், கொடுத்த மருந்தின் பெயர், மில்லி அளவு இவற்றை எழுதிய சீட்டும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.