ஆறு வருடம், ஒரு நூலக அட்டை

2019-இல் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினரானேன். காப்புத்தொகையும் சந்தாவும் சேர்த்து, நாலு பேர் தட்டுவடை செட் சாப்பிடும் காசுதான் ஆனது. அப்புறம் ஒரு மின்வாசிப்பான் வாங்கினேன், புத்தகக் கண்காட்சிக்கும் போனேன். இப்போது கணக்குப் பார்த்தால், எனக்குப் பெயரே தெரியாத எழுத்தாளர்களை அதிகம் காட்டிக் கொடுத்தது அந்த அட்டைதான்.

கணக்கு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நூல் கடையில் (துணி நெய்கிற நூல்) கணக்கு எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கதோஷத்தில் படித்த புத்தகங்களுக்கும் ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். நாலு கட்டம்: எழுத்தாளர், புத்தகம், எங்கே கிடைத்தது, 'இரண்டாவது'. ஒருவருடைய முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு, யாரும் சொல்லாமல் நானே அவருடைய இரண்டாவது புத்தகத்தைத் தேடிப் போயிருந்தால் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். டிக் விழாதவரை புது எழுத்தாளர் கிடைத்ததாக எழுதிக்கொள்வதில்லை.

நூலகப் புத்தகத்தின் கடைசியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்துவார்களே, அது. முதல் இரண்டு வருடம் அதை நான் கவனித்ததே இல்லை. ஊரடங்கு முடிந்து நூலகம் திறந்தபோது, கீழ்த்தட்டில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்த ஒரு நாள், கைக்கு வந்த தடிப் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்துவிட்டேன். 1994-லிருந்து 1998 வரை ஊதா மையில் நெருக்கி நெருக்கி முத்திரைகள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அத்தனை பேர் வரிசையாக எடுத்துப் போனது திடீரென்று யாருக்கும் வேண்டாததாகிவிடுமா என்று எடுத்து வந்தேன். தாராசங்கர் பந்தோபாத்யாய் வங்காளத்தில் எழுதிய 'ஆரோக்கிய நிகேதனம்'. நாடி பிடித்தே சாவு வரும் நாளைச் சொல்லிவிடும் கிராமத்து வைத்தியரின் கதை. மூன்று ராத்திரியில் முடித்தேன். அடுத்த மாதம் கடையில் யார் கை கொடுத்தாலும் என் விரல் மணிக்கட்டுக்குப் போனது.

பேரேட்டில் ஒரு குழப்பம் வந்தது இதற்கப்புறம்தான். நான் தேடிப் போனது தாராசங்கரை இல்லை, அதைத் தமிழாக்கிய த.நா. குமாரசாமியை. டிக் யாருக்கு? யோசித்து, மொழிபெயர்ப்பாளருக்கு என்று ஐந்தாவது கட்டம் போட்டேன். குமாரசாமியைத் தேடப்போய் அவர் தம்பி த.நா. சேனாபதியும் வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்தவர் என்று தெரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர். இன்றுவரை நான் அதிகம் டிக் போட்டிருப்பது அந்த ஐந்தாவது கட்டத்தில்தான். நல்ல மொழிபெயர்ப்பாளர் தனக்குப் பிடிக்காததோடு ஒரு வருடம் மல்லுக்கட்ட மாட்டார் என்பது என் ஊகம்.

இன்னொரு சங்கிலி பக்கத்து ஊரிலிருந்து. பெருமாள்முருகன் திருச்செங்கோட்டுக்காரர். அவர் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். நாமக்கல் தனியானது 1997-இல்தான். 2015-இல் 'மாதொருபாகன்' நாவல் சண்டையில் எழுத்தையே விடுகிறேன் என்று அவர் அறிவித்தபோதுதான் எங்கள் கடையில் அவர் பெயர் அடிபட்டது. சண்டை ஓய்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் நான் படித்தேன். அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது ஆர். சண்முகசுந்தரத்தின் எழுத்தை என்று தெரிந்து அங்கே போனேன். 1942-இல் வந்த 'நாகம்மாள்' சின்ன நாவல்தான். பங்கு நிலம் கேட்கும் ஒரு விதவையின் கதை. அதில் வரும் பேச்சு அப்படியே எங்கள் அம்மாயி பேச்சு. எண்பது வருடத்துக்கு முன்பே நம் வீட்டுப் பேச்சை ஒருவர் அச்சில் ஏற்றியிருக்கிறார், எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. அதோடு முடியவில்லை. 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இதே சண்முகசுந்தரம்தான். சுற்றிச் சுற்றி மறுபடியும் வங்காளம், மறுபடியும் ஐந்தாவது கட்டம்.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து எத்தனையோ முறை பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். நாவல் இருக்கவேண்டிய இடத்தில் ஜோதிடம் இருக்கும். பெரிய குறை, புதிய புத்தகம் வரவே வராது. நூலகங்களுக்கு வாங்க அரசு ஆணை கிடைத்து, வாங்கி, எண் போட்டு எங்கள் கிளை அலமாரிக்கு வருவதற்குள் அந்த எழுத்தாளர் அடுத்த இரண்டை எழுதிவிடுகிறார். இன்று எழுதுகிறவர்களைத் தேடுகிறவருக்கு இந்த அட்டை மட்டும் போதாது.

அதற்குத்தான் மின்வாசிப்பான். புத்தகத்தின் முதல் பத்தில் ஒரு பங்கு இலவச மாதிரியாக இறங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஆட்கள் வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, நன்றியுரை என்று போட்டுக்கொண்டே போவதால், கதையின் முதல் வரி வருவதற்குள் மாதிரி முடிந்துவிடுகிறது! 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று அது காட்டுகிற பட்டியலில் ஆறு வருடமாக ஏறக்குறைய அதே முகங்கள். இதில் எனக்கு உருப்படியாக அமைந்தது 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸும். இரண்டும் தன்னார்வலர்கள் நடத்தும் மின்னூல் தளங்கள், இரண்டிலும் காசு கிடையாது. பழையவர்களை முதலாவதில் தேடலாம்.

கண்காட்சி பற்றி ஒரு வரி. 2022-இல் ஒன்பது வாங்கினேன், ஐந்தை இன்னும் பிரிக்கவில்லை.

மின்வாசிப்பானுக்குப் பயணத்தில் நிரந்தர வேலை கொடுத்தது ஏற்காடுதான். நூலகத்தில் எடுத்த ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவில் யாரும் படிக்க முடியாது, மூடி வைத்தேன். மேலே இறங்கிப் பையைத் திறந்தால் தண்ணீர் பாட்டிலின் மூடி கழன்றிருந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைக்கலாம் என்று பார்த்தால் பனிமூட்டம், காய்வதாவது. வீட்டுக்கு வந்தபோது புத்தகம் இரண்டு மடங்கு உப்பியிருந்தது.

அபராதம் கட்டிவிடுகிறேன் என்றேன். நூலகர் மேடம் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காசு கட்டிருவீங்க தம்பி. புத்தகத்துக்கு எங்க போறது? இதெல்லாம் இப்ப அச்சுலயே இல்லீங்க."

அது உண்மை. முன்பெல்லாம் முதல் பதிப்பே ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிதான். தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபதிப்பு எல்லோருக்கும் வாய்க்காது. இப்போது நூறு, இருநூறு அடிக்கும் வசதி வந்திருக்கிறது, ஆனால் அதற்கும் யாராவது அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக் கேட்கவேண்டும். அபராதத்தைக் கட்டினேன். அவர் அந்தப் புத்தகத்தைக் கழித்துக் கட்டாமல், இரண்டு அகராதிகளுக்கு நடுவில் சொருகி ஒரு மாதம் வைத்திருந்து, மறுபடியும் அலமாரியில் வைத்தார்.

போன மாதம் அதை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். தாள் நெளிநெளியாக இருந்தது. என் தேதிக்குக் கீழே புதிதாக இரண்டு முத்திரை. யார் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க தம்பி" என்றார்.