பிரிட்டிஷ் பவுனில் சம்பாதித்து யூரோவில் கிளைடர் வாங்குவது: எந்த வழி மேல்?

பிரிட்டனில் இன்று ஒருவர் புதிய கிளைடர் (காற்றோட்டத்தில் மிதந்து பறக்கும் இலகு விமானம்) வாங்க நினைத்தால் அவர் பணம் கடல் தாண்டித்தான் போக வேண்டும். யார்க்‌ஷயரில் தலைமுறைகளாகக் கிளைடர் கட்டிவந்த சிலிங்ஸ்பி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அந்த வேலையைக் கைவிட்டது. லாஷம், டன்ஸ்டபிள் போன்ற பெரிய கிளைடர் கழகங்களின் ஹேங்கர்களில் (விமானக் கொட்டகைகளில்) நிற்பவற்றில் ஜெர்மனியில் பிறந்தவையே மிகுதி. வாசர்குப்பே மலையடியில் பாப்பன்ஹவுசனில் இருக்கும் ஷ்லைஷர், கிர்ச்ஹைமில் இருக்கும் ஷெம்ப்-ஹிர்ட், பிரக்சாலில் இருக்கும் டிஜி ஆகியவை பெயர் பெற்ற தொழிற்சாலைகள். விலை யூரோவில், வாங்குபவரின் சம்பளமோ பவுனில்.

கணக்குக்கு ஒரு முழு எண்ணை வைத்துக்கொள்வோம். கிளைடரை ஏற்றிச்செல்லும் டிரெய்லர், கருவிகள் எல்லாம் சேர்த்து, வரிக்கு முன் 1,50,000 யூரோ. 2015 கோடையில் ஒரு பவுனுக்கு ஏறத்தாழ 1.40 யூரோ கிடைத்தது. அன்று இதன் மதிப்பு சுமார் 1,07,000 பவுன். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றி பிரிட்டன் 2016 ஜூன் 23 அன்று நடத்திய வாக்கெடுப்பு நாளில் விகிதம் 1.30 அளவில் இருந்தது. அக்டோபரில் 1.11 வரை இறங்கியது. யூரோ விலை அப்படியே இருந்தாலும் அதே கிளைடர் அப்போது 1,35,000 பவுன். தொழிற்சாலை ஒரு சென்ட் கூட்டாமலேயே 28,000 பவுன் ஏறிவிட்டது. இதன்மேல் 20 விழுக்காடு வாட் வரி வேறு. அதுவும் பவுன் மதிப்பின்மீதே கணக்கிடப்படுவதால், வரியைத் திரும்பப் பெற முடியாத தனிநபருக்குக் கூடிய சுமை வரியோடு 33,600 பவுனாகிறது. அந்தத் தொகைக்கு நன்றாகப் பறக்கும் பழைய கிளைடர் ஒன்றையே வாங்கிவிடலாம்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் காத்துவந்த வரம்பைக் கைவிட்டது. ஒரே நாளில் யூரோ ஒரு பிராங்குக்கு அருகே விழுந்தது. ஜெர்மன் கிளைடருக்குக் கடைசித் தவணை கட்டக் காத்திருந்த சுவிஸ்காரருக்கு அன்று காலை பெரும்பணம் மிச்சமானது. இதைப் படித்துவிட்டு “நமக்கும் அப்படி வாய்க்கலாம்” என்று காத்திருப்பவர்களை நான் கடுமையாகவே எச்சரிப்பேன். புதிய கிளைடருக்கு முன்பணம் கட்டிய பிறகு ஓராண்டு, இரண்டாண்டு, சில வேளை அதற்கும் மேலாகக் காத்திருக்க நேரும். அவ்வளவு தூரத்துக்கு நாணயச் சந்தையைக் கணிக்கக்கூடியவர்கள் யாரும் இல்லை.

ஆகவே ஒப்பிட வேண்டியது இன்றைய விகிதத்தை மட்டுமன்று. கையெழுத்திடும் நாளுக்கும் கடைசிப் பணம் போகும் நாளுக்கும் இடையில் உள்ள காலம் யார் தலையில் விழுகிறது என்பதையே ஒவ்வொரு வழிக்கும் கேட்க வேண்டும்.

புதியது, விகிதத்தைக் காற்றில் விட்டு

முன்பணம் மட்டும் கட்டிவிட்டு மீதியை அன்றன்றைய விகிதத்தில் கட்டுவது முதல் வழி. இது ஒருவருக்கு மட்டும் ஓரளவு பொருந்தும்: கையில் ஏற்கனவே நல்ல ஜெர்மன் கிளைடர் வைத்திருந்து, அதை விற்றுப் புதியதை எடுப்பவர். பவுன் சரிந்தால் புதியது விலையேறும். ஆனால் புதியதை வாங்க முடியாதவர்கள் பழையதைத் தேடி வருவதால் அவருடைய பழைய கிளைடரின் பவுன் விலையும் மெல்ல ஏறும். அவருக்கு உண்மையான அபாயம் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத் தொகையில்தான். முதல்முறை வாங்குபவருக்கு இந்தக் காப்பு கிடையாது. அவர் இந்த வழியில் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

புதியது, விகிதத்தைப் பூட்டி

பூட்ட இரண்டு வழிகள். நாணயத் தரகரிடம் முன்பேர ஒப்பந்தம் எழுதலாம்: “பதினெட்டு மாதம் கழித்து இவ்வளவு யூரோவை இந்த விகிதத்தில் வாங்கிக்கொள்கிறேன்” என்று இன்றே உறுதி கொடுத்து, ஒரு சிறு பங்கை ஈடாகக் கட்டுவது. அல்லது முழு யூரோவையும் இன்றே வாங்கி ஒரு யூரோக் கணக்கில் போட்டுவைக்கலாம்.

முன்பேர விகிதம் இன்றைய விகிதத்தைவிடச் சற்று மோசமாக இருப்பதைப் பார்த்துத் தரகர் ஏமாற்றுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பிரிட்டனில் வட்டி யூரோ வட்டியைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வட்டி வித்தியாசம் அளவுக்கு முன்பேர விகிதம் தாழும். யூரோவை இன்றே வாங்கி வைப்பவரும் அதே வட்டியைத்தான் இழக்கிறார். செலவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

வேறுபாடு தாமதத்தில் வருகிறது. கிளைடர் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி கைவேலை. நார்த்துணியை அச்சில் விரித்துப் பிசின் ஊற்றி, காயவைத்து, வாரக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். சொன்ன நாளில் முடியாமல் போவது வழக்கமே. முன்பேர ஒப்பந்தமோ சொன்ன நாளில் முடிந்துவிடும்; தள்ளிப்போட வேண்டுமானால் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பவுன் நடுவில் ஏறிவிட்டால் தரகர் கூடுதல் ஈடும் கேட்கலாம். வாங்கும் எண்ணத்தையே கைவிட்டாலும் ஒப்பந்தக் கடமை போகாது. யூரோவைக் கணக்கில் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பணம் கையில் இருந்தால் யூரோக் கணக்கே மேல். வீட்டு மனையோ பழைய கிளைடரோ விற்றுத்தான் பணம் வரும் என்றால் முன்பேரம்.

தெருமுனை வங்கி வழியாக மட்டும் மாற்றாதீர்கள். விகிதத்தில் 2 விழுக்காடு கூடுதல் இலாபம் வைத்தாலே 1,50,000 யூரோவில் 3,000 யூரோ போய்விடும்.

ஜெர்மனியிலிருந்து பழையது

ஒரு காலத்தில் இது மிக நல்ல வழி. ஜெர்மன் கிளைடர் வகைகளான எல்எஸ்4 1980இலும் டிஸ்கஸ் 1984இலும் முதன்முதலில் பறந்தவை. கண்ணாடியிழை உடல் என்பதால் அவை இன்றும் உறுதியாக நிற்கின்றன. பவுன் வலுவாக இருந்த ஆண்டுகளில் காரின் பின்னால் டிரெய்லரை மாட்டி ஓட்டி வந்துவிட்டால் போதும்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையை விட்டு வெளியேறிய 2021 ஜனவரி 1 அதை மாற்றிவிட்டது. புதிய கிளைடர் ஏற்றுமதியாகும்போது ஜெர்மனியின் 19 விழுக்காடு வரி விழாது, பிரிட்டனில் 20 விழுக்காடு கட்ட வேண்டும், பெரிய மாற்றமில்லை. பழையதை ஒரு தனிநபரிடம் வாங்கினாலோ அங்கே கழிக்க வரியே இல்லை. இங்கே இறக்குமதி வாட் 20 விழுக்காடு முழுதாகக் கூடுகிறது. 40,000 யூரோ கேட்கும் டிஸ்கஸ் ஒன்று, 1.15 விகிதத்தில் சுமார் 34,800 பவுன், வரியோடு 41,700. வரியோடு சேர்த்து அதே 34,800க்குள் முடிய வேண்டுமானால் பவுன் 1.38 யூரோவுக்கு ஏற வேண்டும். 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு அது அந்த உயரத்தை எட்டவேயில்லை. பிரிட்டனில் கிடைக்காத அரிய வகை ஒன்றைத் தேடுபவரைத் தவிர மற்றவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம்.

பிரிட்டனிலேயே பழையது

விலையும் பவுன், சம்பளமும் பவுன். பார்த்த வாரமே பணம் கைமாறிவிடும். இடைக்காலம் என்பதே இல்லை. யூரோவின் பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. புதியதன் விலை ஏறும்போது பழையதும் ஏறும். ஆனால் அந்த ஏற்றம் தாமதமாக வருகிறது. விற்பவர் போன ஆண்டு பக்கத்து ஹேங்கரில் போன விலையை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார். பவுன் திடீரென்று சரிந்த முதல் சில மாதங்கள்தான் உள்நாட்டுப் பழைய கிளைடர் வாங்க மிகச் சிறந்த காலம். எல்லோரும் தயங்கி நிற்கும் காலமும் அதுவே.

யூரோவை விட்டே விலகினால்?

செக் நாட்டின் குட்னா ஹோராவில் எச்பிஎச் நிறுவனம் ஷார்க் கிளைடரைக் கட்டுகிறது. போலந்தில் பியெல்ஸ்கோ-பியாவா நகரில் பெர்கோஸ் கிளைடர் உருவாகிறது. செக் கொருனாவும் போலந்தின் ஸ்லோட்டியும் யூரோவின் பின்னாலேயே போகும் நாணயங்கள். 2013 இறுதி முதல் 2017 ஏப்ரல் வரை செக் மத்திய வங்கி, யூரோவுக்கு 27 கொருனாவைவிடத் தன் நாணயம் வலுவடையாமல் பார்த்துக்கொண்டது. பவுனில் சம்பாதிப்பவருக்கு இவற்றால் நாணயப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூமில் ஜோங்கர் நிறுவனம் கட்டும் ஜேஎஸ்1, ஜேஎஸ்3 போட்டிகளில் வெல்லும் அருமையான கிளைடர்கள். அந்நாட்டு நாணயமான ராண்ட் விழுந்தால் விலையும் விழும் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். ஜேஎஸ்1இன் ஜெட் எஞ்சின் ஜெர்மனியின் எம்&டி செய்வது; ஐரோப்பாவில் வாங்குபவர்கள் பெரும்பாலும் மாட்டும் கோப்ரா டிரெய்லரும் ஜெர்மன்; எல்எக்ஸ்நாவ் கருவிகள் ஸ்லோவேனியா. எல்லாம் யூரோ. ஜோங்கர் கிளைடரை அதன் பறக்கும் தன்மைக்காக வாங்குங்கள், ராண்டுக்காக வேண்டாம்.

முதல்முறை வாங்குபவருக்கு என் தேர்வு உள்நாட்டுப் பழையதே. புதியதுதான் வேண்டும் என்பவர், கையெழுத்திடும் வாரத்திலேயே யூரோவை வாங்கிவிட வேண்டும். வாங்குமுன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: விலை கையெழுத்து நாளினதா, ஒப்படைக்கும் நாளின் விலைப்பட்டியலா? இரண்டாவதாக இருந்தால், தேவைப்படும் யூரோத் தொகையே நிலையற்றது. அப்போது பட்டியல் விலைக்கு மேல் ஒரு பங்கு யூரோவைச் சேர்த்தே வாங்கி வையுங்கள். டிரெய்லருக்கும் கருவிகளுக்கும் தனியாக வரும் பில்களும் அந்தக் கணக்கிலிருந்தே போகட்டும்.