அக்குபிரஷர் பாய்: பெட்டியில் சொல்வதும் முதுகு சொல்வதும்

மன அழுத்தத்துக்கு மருந்தில்லாத தீர்வு என்ற விளம்பரத்தோடு இணையக் கடைகளில் விற்கப்படும் அக்குபிரஷர் பாயையும், அதனுடன் வரும் அரைவட்டத் தலையணையையும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ ஒரே மாதிரியான பொருளைப் பலரும் வெவ்வேறு பெயர்களில் விற்பதால், நிறுவனத்தைவிடப் பொருளைப் பற்றி எழுதுவதே பயன் தரும். பருத்தி உறை, உள்ளே மெல்லிய ஃபோம், உறையின் மேல் வரிசையாக ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் வில்லைகள், ஒவ்வொரு வில்லையிலும் கூரிய சிறு முட்கள்: அமைப்பு இவ்வளவுதான். பாய் முழுவதும் சேர்த்து 6,000 முட்களுக்குக் குறையாமல் இருக்கும் என்று பெரும்பாலான பெட்டிகள் சொல்கின்றன. சோவியத் ஒன்றியத்தில் 1980களில் பரவலான குஸ்நெத்சோவ் முள்விரிப்பின் வழிவந்தது இது.

சட்டையில்லாமல் படுத்தால் முதல் சில நிமிடங்கள் கடுமையாகவே இருக்கின்றன. உடல் எடை ஆயிரக்கணக்கான முனைகளில் பகிரப்படுவதால் தோல் கிழிவதில்லை. ஆனால் எழுந்துவிடலாமா என்று தோன்றும் அளவுக்கு எரிச்சல் உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தால், எரிச்சல் மெல்ல வெப்பமாக மாறி முதுகெங்கும் பரவுகிறது. மூச்சு தானாகவே நீள்கிறது. இருபது நிமிடம் கழித்து எழும்போது தோள்கள் இறங்கியிருப்பது தெரிகிறது. இரவில் படுக்கப் போகும் முன் பயன்படுத்தினால் தூக்கம் எளிதாக வருகிறது. அந்த அளவில் இது கொடுத்த காசுக்குக் குறை வைக்காத பொருள்.

குறை இருப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் காரணத்தில். அழுத்தினால் பலன் தரும் என்று சீன மருத்துவம் சொல்லும் உடலின் அழுத்தப் புள்ளிகளை வண்ண வட்டங்களாகக் காட்டும் படம் ஒன்றைப் போட்டு, பாய் அவற்றைத் துல்லியமாகத் தூண்டுவதாக எழுதியிருக்கிறார்கள். மன அழுத்தத்துக்கென்று வழக்கமாகச் சொல்லப்படும் புள்ளிகள் எவை என்று பாருங்கள். முதலாவது, மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கும் நெய்குவான். அடுத்தது, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையில் உள்ள ஹெகு. மூன்றாவது, புருவமத்தியில் உள்ள யின்டாங். மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுக்குக் கீழே இவற்றில் ஒன்றுகூட இல்லை. முதுகிலும் புள்ளிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வரையறையில் 361 புள்ளிகளின் இடங்களும் உடலின் எலும்பு, தசை, மடிப்பு ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு தனித்தனியே குறிக்கப்பட்டிருக்க, எல்லா இடத்தையும் ஒரே சீராகக் குத்தும் பாய் எதைத் துல்லியமாகத் தொட முடியும்?

நம் வர்ம மருத்துவத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புலப்படும். அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றவையான தொடுவர்மம் 96 என்று உடலின் 108 வர்மப் புள்ளிகளைப் பிரித்துச் சொல்வதோடு அங்கே நிறுத்துவதில்லை. விரலின் அழுத்தத்தையே மாத்திரை என்ற அளவுக் கணக்கில் அளக்கிறார்கள். கால் மாத்திரைக்கும் அரை மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டை உணரும் விரலுக்கு ஈடாக, ஆளின் எடை எவ்வளவோ அவ்வளவு அழுத்தம் என்று செயல்படும் பிளாஸ்டிக் முள்ளைச் சொல்வது வணிகர்களின் துணிச்சல்.

பிறகு ஏன் இதமாக இருக்கிறது? தோலில் எழும் பரவலான உணர்ச்சி, உள்ளே இருக்கும் வலிச் செய்தியை முதுகுத்தண்டிலேயே மங்கச் செய்யும் என்று 1965இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த கோட்பாடு ஒரு விளக்கம். கைப்பேசியைத் தொடாமல் இருபது நிமிடம் அசையாமல் கிடப்பது இன்னொரு விளக்கம். என் கணிப்பில் பாதிப் பலன் அதற்கே உரியது. முள் குத்துகிறதா இல்லையா என்பதைப் படுப்பவர் உடனே உணர்ந்துவிடுவார், அவர் கண்டுபிடிக்காதபடி ஒப்பீட்டுக்கான போலிப் பாயைச் செய்ய முடியாது என்பதால், ஆய்வு வழியே இரண்டையும் பிரித்தறிவதும் எளிதல்ல. புள்ளிகளில் நல்ல சான்றுகள் உள்ளதாகச் சொல்லப்படும் நெய்குவானுக்குக்கூட, அச்சான்றுகள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலைப் பற்றியவை.

தொகுப்பில் உண்மையாகவே பாராட்டத்தக்கது தலையணைதான். மண்டையோட்டின் விளிம்புக்குக் கீழே, பிடரியின் இருபுறமும் உள்ள குழிகளில் ஃபெங்சி என்ற புள்ளிகள் இருக்கின்றன. தலையணையின் வளைவு தலையின் எடையை அங்கேதான் இறக்குகிறது. நாள் முழுவதும் திரையைப் பார்த்து இறுகிய கழுத்துக்கு இது தரும் தளர்ச்சி, பாய் தருவதைவிட விரைவானது. முதல் சில முறை மெல்லிய துண்டு ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது.

தயாரிப்புத் தரம் சுமார்தான். ஓரத்து வில்லைகள் சில பசை விட்டுக் கழன்றன. வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது என்று கையேட்டில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம். வியர்வை படிந்த உறையைக் கையால்தான் அலச வேண்டும், ஃபோமை வெளியே எடுக்க ஜிப் இல்லாத பாய்களைத் தவிர்த்துவிடுங்கள். காந்தம் பதித்தது என்று கூடுதல் விலை சொல்வதற்குப் பொருளே இல்லை.

கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், தோல் நோய் உள்ளவர்கள், நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் படுக்கக் கூடாது. இந்த எச்சரிக்கை என் பெட்டியில் மிகச் சிறிய எழுத்தில் அடிப்பக்கத்தில் இருந்தது. மற்றவர்கள், தலையணை தனியாகக் கிடைத்தால் முதலில் அதை மட்டும் வாங்கிப் பார்க்கலாம்; மணிக்கட்டுக்கும் புருவமத்திக்கும் அவரவர் கட்டைவிரலே போதும்.