தொட்டாற்சிணுங்கியா, பச்சைப்பயறா?

தாவரமும் தூண்டலை உணரும் என்பதை வகுப்பில் காட்ட இரண்டும் உதவும். காட்டுவது வேறு வேறு.

தொட்டாற்சிணுங்கி ஓரிரு நொடியில் மடங்கும். காம்பின் அடியில் உள்ள அதைப்பில் (சிறு புடைப்பு) ஒரு பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, நீரும் பின்தொடர்கிறது. விறைப்பு போய் இலை தொங்கிவிடும். எந்தப் பக்கம் தொட்டாலும் மடங்கும் திசை ஒன்றே. மறுபடி விரியச் சுமார் 15 நிமிடமாவது விடுங்கள். மாணவர்கள் வரிசையாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் செடி பதில் தராது. மாலைக்கு மேல் தானே மூடிக்கொள்ளும், ஆகவே காலை வகுப்பே நல்லது. தண்டில் முள் உண்டு.

பச்சைப்பயறுக்குப் பொறுமை வேண்டும். 8 மணி நேரம் ஊறவைத்து ஈரப்பஞ்சில் இட்டு, தண்டு 4 செ.மீ. வளர்ந்ததும், ஒரு பக்கம் மட்டும் 2 செ.மீ. துளையுள்ள அட்டைப்பெட்டியால் மூடுங்கள். ஓரிரு நாளில் துளையை நோக்கி வளையும். நிழல் பக்கம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கூடி அங்குள்ள செல்கள் அதிகம் நீள்வதே காரணம். இது வளர்ச்சி, எளிதில் மீளாது. வளையாவிட்டால் பெட்டியின் மூலைகளைப் பாருங்கள்: பெரும்பாலும் அங்கே ஒளி கசியும்.

ஒன்றுதான் முடியுமென்றால் பயறு. பெட்டியைத் திருப்பி வைத்து, வளைவும் திசை மாறுகிறதா என மாணவர்களே சோதிக்கலாம்.