மைசூரா, சென்னையா, புனேயா? ரயில் பைத்தியப் பிள்ளைகளோடு தர்மபுரியிலிருந்து எங்கே போகலாம்

விடுமுறை வந்தால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போவோம், இல்லாவிட்டால் கே.ஆர்.பி. அணைக்கு. வீட்டில் ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் அருவியும் அணையும் எடுபடாது. எனக்கு அப்படி இரண்டு பேர். கிருஷ்ணகிரியில் என் மகள், ஆறு வயது. தர்மபுரியில் அக்கா மகன், மூன்றரை வயது. இருவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு வருடமாக ரயில் அருங்காட்சியகங்களாகச் சுற்றியிருக்கிறேன். "எங்கே போகலாம்?" என்று யாராவது கேட்டால் "பிள்ளைக்கு என்ன வயது?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் மைசூர். அதற்கு மேலே என்றால் சென்னை. காசும் நாளும் கைவசம் இருந்தால் புனே.

சின்னவனை முதன்முதலில் ஒரு கண்காட்சிக்குத் தூக்கிப் போனபோது பட்ட பாட்டில்தான் இந்தக் கணக்கே பிறந்தது. மேஜை மேல் மாடல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அழகான ரயில்தான், ஆனால் மேஜை என் இடுப்பு உயரம். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மேஜையின் கால்களும் மற்றவர்களின் கால்களும். இருபது நிமிடம் தூக்கி வைத்துக்கொண்டு காட்டினேன். கீழே இறக்கினால் அழுகை, தூக்கினால் கையை நீட்டி எஞ்சினைப் பிடிக்கப் பார்க்கிறான். "தொடாதே, தொடாதே" என்று சொல்லியே அந்த நாள் போனது. மூன்று வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மைசூர்

டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-ல் வந்தது. அடுத்து 1979-ல் வந்தது மைசூர் ரயில் அருங்காட்சியகம். மைசூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், கே.ஆர்.எஸ். சாலையில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு வசதி பாதி வெற்றி. ஆட்டோ பேரம் இல்லை, பஸ் மாற்ற வேண்டாம், இறங்கியதும் முகம் கழுவி, இட்லி ஊட்டி, நடக்க வைத்தால் போதும்.

மரங்களுக்கு நடுவே நிஜ எஞ்சின்கள் நிற்கின்றன. பிள்ளை பக்கத்தில் போய்ச் சக்கரத்தைத் தொடலாம், ஏறிப் பார்க்க விடும் வண்டிகளில் ஏறலாம். சின்னவன் முதலில் செய்த காரியம், சக்கரத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து உள்பக்கத்து விளிம்பில் நிறுத்தியது. "மாமா, இங்க மேடா இருக்கு" என்றான். தண்டவாளத்தை விட்டு வண்டி நழுவாமல் பிடித்து வைப்பது அந்த மேடுதான். படம் காட்டி விளக்கியிருந்தால் அவனுக்கு ஏறியிருக்காது.

மைசூர் மகாராணி பயணம் செய்ய 1899-ல் செய்த சலூன் என்ற சொகுசு ரயில் பெட்டியும் அதோடு சேர்ந்த சமையல், சாப்பாட்டுப் பெட்டியும் ஸ்ரீரங்கா பெவிலியனில் இருக்கின்றன. பெரியவர்கள் நின்று பார்ப்பது அதைத்தான். பிள்ளைகள் அங்கே இரண்டு நிமிடம்கூட நிற்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ரயிலுக்குள்ளேயே சமையலறை இருக்கிறது என்றதும் என் மகள் அசையவில்லை. ஓடும்போது குழம்பு சிந்தாதா என்று கேட்டாள். அப்புறம் ஆஸ்டின் கார் ஒன்று இருக்கிறது, ரோட்டில் ஓடவேண்டிய காரைத் தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றியது. கார் பைத்தியமும் சேர்ந்த பிள்ளையாக இருந்தால் அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம்.

உட்கார்ந்து போகும் குட்டி ரயிலும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் மொத்தத்தையும் நிதானமாகப் பார்த்துவிடலாம். மூன்றரை வயதுக்கு அதற்கு மேல் தாங்காது.

தர்மபுரிக்காரர்களுக்கு இன்னொரு நல்ல சேதி. தூத்துக்குடி - மைசூரு எக்ஸ்பிரஸ் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. விடிவதற்கு முன்னால் தர்மபுரியில் ஏறி, பிள்ளையைப் படுக்க வைத்தால் காலையில் மைசூரில் இறங்கலாம். மாலையில் அதே வண்டி திரும்புகிறது. காரில் போனால் ஓசூர், பெங்களூரு நெரிசலைத் தாண்ட வேண்டும். ரயில் பார்க்கப் போகும் பிள்ளையைக் காரில் கூட்டிப் போவதில் எனக்குச் சம்மதமும் இல்லை.

சென்னை

பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவே, ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டி இருக்கிறது சென்னை ரயில் அருங்காட்சியகம். 2002-ல் திறந்தது. மைசூரைவிடப் பெரிது, ஆறு ஏக்கருக்கு மேல். இங்கேயும் நிஜ எஞ்சின்கள் உண்டு, பொம்மை ரயில் சவாரி உண்டு. ஆனால் மைசூரை விட்டு இங்கே வருவதற்கான காரணம் உள்ளரங்கில் இருக்கிறது. ரயில் பெட்டிகளின் சிறு மாதிரிகள், படங்கள், கருவிகள். வாசிக்கத் தெரிந்த, "இது எதுக்கு?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒவ்வொன்றிலும் தீனி இருக்கிறது.

ஊட்டி மலை ரயிலின் பழைய வண்டியைப் பார்த்ததும் என் மகளுக்கு ஒரு கேள்வி. மற்ற ரயில் மலை ஏறாதா? தட்டையான இரும்புச் சக்கரம் தட்டையான இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறினால் வழுக்கும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் நடுவில் பற்கள் உள்ள தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இதைச் சொல்லிவிட்டு அவளுடைய இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினேன். பெரம்பூரிலிருந்து திரும்பும் வரை விரலைக் கோத்துக்கோத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தர்மபுரி ஸ்டேஷனில் காலையில் வந்து நிற்கும் கோயம்புத்தூர் - பெங்களூரு வந்தே பாரத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மூக்கு நீண்ட அந்த வண்டியின் முதல் ரயில் பிறந்தது இந்த ஐ.சி.எஃப்.பில்தான், 2018-ல். 1955 அக்டோபர் 2-ல் நேரு தொடங்கி வைத்த தொழிற்சாலை. "நம்ம ஊர் வந்தே பாரத் மாதிரி வண்டியை முதல்ல செஞ்ச இடம் இது" என்று சொன்னால் பிள்ளையின் கண் விரியும், பாருங்கள்.

சிரமம் என்னவென்றால் தூரமும் நேரமும். சாலையில் முந்நூறு கிலோமீட்டர். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு தர்மபுரிக்குப் பக்கத்து மொரப்பூரில் ஏறினால் விடிகாலையில் சென்னை. அருங்காட்சியகம் திறக்கும் வரை பிள்ளையை எங்கே வைத்திருப்பது? சொந்தக்காரர் வீடு இருந்தால் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து போகலாம். இல்லாவிட்டால் ஒரு ரூம் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் இரும்பு எஞ்சினை மதியம் பிள்ளை தொட்டால் கை பொசுங்கும். இது மைசூருக்கும் பொருந்தும், ஆனால் அங்கே சென்னை அளவுக்கு வெயில் கிடையாது.

சின்னவனைச் சென்னைக்கும் கூட்டிப் போனேன். பொம்மை ரயிலில் இரண்டு முறை ஏறினான், மூன்றாவது முறை கேட்டான், அவ்வளவுதான். உள்ளரங்கு அவனுக்கு வெறும் ஓடிப்பிடிக்கும் இடம்.

புனே

ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் புனேயின் கோத்ரூட் பகுதியில் இருக்கிறது. மாடல் ரயிலுக்கென்றே இருக்கும் இடம். பாவ்சாகேப் ஜோஷி என்பவரின் வாழ்நாள் ஆசை, 1998-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு சின்ன ஊரையே செய்து அதற்குள் ரயில்களை ஓட விட்டிருக்கிறார்கள். ஸ்டேஷன், சிக்னல், சாலை, சர்க்கஸ் கூடாரம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்போது விளக்கை அணைத்து இரவாக்குவார்கள். இருட்டில் ஜன்னல் வெளிச்சத்தோடு ரயில் வளைந்து போகும். பெரியவர்களே வாயடைத்து நிற்பார்கள்.

இங்கே ஆறு வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் வீட்டிலேயே கொஞ்சம் சொல்லிக் கூட்டிப் போக வேண்டும். விளக்கவுரை தமிழில் இருக்காது, நீங்கள்தான் காதில் சொல்ல வேண்டும். என் மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். மாடல் ரயில்களில் பரவலாக இருக்கும் ஹெச்.ஓ. அளவில் எல்லாமே நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நாம் போகும் எல்.எச்.பி. வகை ரயில் பெட்டி 23.5 மீட்டர் நீளம். 87-ஆல் வகுத்தால் 27 சென்டிமீட்டர், உன் ஸ்கேலைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. இந்த ரயில்களுக்குள் பேட்டரி கிடையாது, தண்டவாளம் இரண்டிலும் 12 வோல்ட் மின்சாரம் ஓடும், சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகும். பிளஸ், மைனஸை மாற்றினால் ரயில் பின்னால் போகும். தண்டவாளத்தில் தூசி படிந்தால் மின்சாரம் தடைபட்டு நின்றுவிடும், துணியால் துடைத்தால் மறுபடி கிளம்பும். அவ்வளவு குறைந்த மின்சாரம் என்பதால் ஷாக் அடிக்காது. ஷாக்கைப் பற்றித்தான் அவள் மூன்று முறை கேட்டாள்.

போகும் வழி? கோயம்புத்தூரிலிருந்து மும்பை குர்லா போகும் எக்ஸ்பிரஸ் தர்மபுரி, ஓசூர் வழியாகப் புனேவுக்கு நேராகப் போகிறது. கிட்டத்தட்ட ஒரு நாளை விழுங்கிவிடும் பயணம். என் மகளுக்கு அந்த ஒரு நாளே திருவிழா. மூன்றரை வயதை வைத்துக்கொண்டு அந்தப் பயணம் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். போய்ச் சேர்ந்தாலும் தொட முடியாத ரயில்தான் அவனுக்குக் காத்திருக்கிறது.

திருச்சி, பெங்களூரு

திருச்சி ரயில் அருங்காட்சியகம் 2014-ல் வந்தது. சிறியது. அதற்காகவே மெனக்கெட்டுப் போக வேண்டாம், ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை என்று போகும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரு கப்பன் பார்க் பால பவனில் புட்டாணி எக்ஸ்பிரஸ் என்று ஒரு பொம்மை ரயில் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம் என்பதுதான் இதன் பலம். ஓடும் நாள்தானா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பக்கத்திலேயே கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் இருப்பதால் ரயில் ஏமாற்றினாலும் பிள்ளை அழாமல் திரும்பும்.

எங்கேயும் போகாமல்

இதையும் ஒரு தேர்வாகவே எண்ணுங்கள், நான் எண்ணுகிறேன். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் முதலில் மொரப்பூர் ஸ்டேஷன். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காருங்கள். சென்னை - சேலம் இரட்டைப் பாதை என்பதால் வண்டிக்குக் குறைவில்லை. கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டி எண்ணலாம், எங்கள் சின்னவன் நாற்பது வரை எண்ணக் கற்றது அங்கேதான். நிற்காமல் போகும் வண்டி வரும்போது மட்டும் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டு வாசலில் ஒரு சாக்பீஸ் வேலை. அளவு நாடாவால் 1676 மில்லிமீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள், இன்றைய அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. பக்கத்தில் 1000, மீட்டர் கேஜ். அதற்குப் பக்கத்தில் 762, குறுகிய பாதை. சின்னவனை ஒவ்வொன்றின் குறுக்கேயும் படுக்க வைத்தோம். முதல் பாதையில் தலைக்கு மேல் நிறைய இடம் மீந்தது. இரண்டாவதில் உச்சியும் உள்ளங்காலும் கோட்டைத் தொட்டுச் சரியாக நின்றன. மூன்றாவதில் முழங்காலை மடக்கினால்தான் அடங்கினான்.

அந்த 762 நம் ஊர் அளவு. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் அந்தச் சின்ன ரயில் வந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் வந்து, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று போட்ட பாதைகள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1941-ல், இரண்டையும் மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் திரும்பவில்லை. என் பாட்டி சின்னப் பிள்ளையாக அதில் போயிருக்கிறார், மேட்டில் ஏறும்போது ஆட்கள் இறங்கிக் கூடவே நடப்பார்கள் என்பார். மைசூரிலோ சென்னையிலோ பழைய எஞ்சின் முன்னால் நிற்கும்போது இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "இது நம்ம ஊருக்கு வந்ததா?" என்று ஒவ்வொரு எஞ்சினிடமும் என் மகள் கேட்கிறாள்.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், தனி இருக்கையும் கிடையாது. ஐந்து முதல் பன்னிரண்டு வரை தனிப் படுக்கை கேட்டால் முழு டிக்கெட். அருங்காட்சியகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கும், போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். போனதும் பொம்மை ரயிலில் ஏற்றாதீர்கள், ஏறி இறங்கிய பிள்ளை அதற்கப்புறம் எதையும் பார்க்காது. கடைசியில் ஏற்றுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் மைசூருக்கு ஓசூரில் போய் ஏறலாம், சென்னைக்கு ஜோலார்பேட்டை வசதி.

அக்கா மகனுக்கு வருகிற தை மாதம் நான்கு வயதாகிறது. மறுபடி மைசூர்தான் என்று சொல்லிவிட்டான். இந்த முறை குட்டி ரயிலில் கார்டு பெட்டியில் உட்கார வேண்டுமாம், பச்சைக் கொடிக்கு அக்காவின் பழைய ரவிக்கைத் துணியை இப்போதே வெட்டி வாங்கி வைத்திருக்கிறான்.